தகமிசாவா கட்டிங்

(ஜப்பான், சைதாமா மாநிலம், வராபி நகரம். 2025 நவம்பர், செவ்வாய்க்கிழமை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய முடிதிருத்தகம். மாஸ்டருக்கு 78 வயது. முந்தின நாள் வார விடுமுறை என்பதால் தெம்பாக இருக்கிறார். அதாவது வாய் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. நாற்காலியில் தனாகா, 61 வயது.)

மாஸ்டர்: வழக்கம்போலத்தானே, தனாகா சான்?

தனாகா: இல்ல மாஸ்டர். இன்னைக்கு போட்டோ கொண்டாந்திருக்கேன்.

மாஸ்டர்: (மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாங்கிப் பார்த்து) யாரு இந்தம்மா? லட்சணமா இருக்காங்களே.

தனாகா: அம்மாவா! கண்ணாடியைப் போடுங்க முதல்ல.

மாஸ்டர்: (போட்டுக்கொண்டு) அட, தி ஆல்ஃபி ராக் பேண்டுல கிட்டார் வாசிக்கிற நம்ம ஊரு தகமிசாவா தொஷிஹிகோ! ஜப்பான்லயே பரப்பளவுல சின்ன நகரம் வராபி. மொத்தமே அஞ்சு சதுர கிலோமீட்டர். இதுல இவ்வளவு முடியை எங்க வெச்சு வளத்தாரோ?

தனாகா: இதே மாதிரி வெட்டி விடுங்க.

மாஸ்டர்: (தலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு) வெட்டலாம். வெட்டுறதுக்குத்தான் ஒண்ணும் காணோம்.

தனாகா: பின்னாடி இருக்குல்ல?

மாஸ்டர்: பின்னாடி இருக்கு. காதுக்குள்ள இருக்கு. உச்சியில போன தடவையே எண்ணி முடிச்சிட்டேன்.

தனாகா: அதைப் பேச உங்களுக்கு உரிமையே கிடையாது. 1987 மார்ச்ல தோள் வரைக்கும் இருந்ததை வெட்டித் தள்ளினது யாரு?

மாஸ்டர்: பேங்க்ல வேலைக்குச் சேரணும்னு நீங்கதானே அழுதுக்கிட்டே வந்து உக்காந்தீங்க. ரெண்டு துண்டு நனைஞ்சுது.

தனாகா: அந்த முடியோடதான் மாஸ்டர் 1986 ஆகஸ்ட்ல விடிய விடிய நின்னேன். டோக்கியோ கடலோரத்துல இப்ப ஒடைபான்னு ஷாப்பிங் போறாங்களே, அந்தப் பக்கம் அப்ப கடலைத் தூர்த்த வெறும் மேடு. ஒரு லட்சம் பேர்! தி ஆல்ஃபி ராத்திரி முழுக்கப் பாடுறாங்க. காலையில எனக்குத்தான் குரல் போச்சு. அவங்களுக்கு அப்படியே இருந்துச்சு.

மாஸ்டர்: சரி, நாப்பது வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன திடீர்னு?

தனாகா: மார்ச்ல ரிடையர் ஆயிட்டேன். இனிமே இது என் தலை. மேனேஜர் தலை இல்ல.

மாஸ்டர்: நான் ஒரு வழி சொல்றேன். அதே பேண்டுல கறுப்புக் கண்ணாடி, தாடி, பாஸ் கிட்டார்னு ஒருத்தர் இருக்காரே...

தனாகா: சகுராய் மசாரு. சிச்சிபுக்காரர்.

மாஸ்டர்: அவரு உங்களுக்குத் தோதானவர். தலைக்குப் போகாததெல்லாம் உங்களுக்குத் தாடைக்குத்தான் வருது. என் கத்தியே தேஞ்சு போச்சு.

தனாகா: நடக்காது. அவரு என் வீட்டுக்காரியோட ஆளு.

மாஸ்டர்: அப்ப அவங்க சந்தோஷப்படுவாங்களே!

தனாகா: அங்கதான் வம்பே. 1983-ல ‘மேரி ஆன்’ ஹிட்டானதுலேருந்து அவ அந்த மனுஷனைப் பாக்குற மாதிரி, கல்யாண போட்டோவுல கூட என்னைப் பாக்கல. நான் தாடியோட போய் நின்னு, அவ திடீர்னு சிரிச்சான்னு வைங்க... யாரைப் பாத்து சிரிச்சாள்னு சாகுற வரைக்கும் யோசிச்சுக்கிட்டுக் கிடக்கணும்.

மாஸ்டர்: மூணாவது ஆளு? கண்ணாடி போட்டவர்?

தனாகா: சகாசாகி கோனோசுகே. அக்கூஸ்டிக் கிட்டார்.

மாஸ்டர்: மூக்குல கண்ணாடி ஏற்கெனவே இருக்கு. வந்தப்பவே பாதி சகாசாகி ஆயிட்டீங்க. காசு கூட வேணாம்.

தனாகா: மூணு பேரும்தான் பாடுவாங்க, மூணு பேரும் எனக்கு வேணும். ஆனா என் ஆளு தகமிசாவா. தேவதை உருவத்துலயே கிட்டார் செஞ்சு வெச்சிருக்காரு மாஸ்டர். றெக்கையோட!

மாஸ்டர்: வாசிக்கிறது தந்தியைத்தானே? றெக்கை எதுக்கு?

தனாகா: (பரிதாபமாகப் பார்த்து) விடுங்க.

(மாஸ்டர் சூடான துண்டை எடுத்துத் தனாகாவின் முகத்தில் சுற்றுகிறார். மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிகிறது. இந்த ஒரு நிமிஷம்தான் இந்தக் கடையில் வாடிக்கையாளர் எதிர்த்துப் பேச முடியாத நேரம். மாஸ்டர் அதை வீணாக்குவதில்லை.)

மாஸ்டர்: கணக்குப் பாருங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த போட்டோவுக்கு அறுபது சென்டிமீட்டராவது வேணும். அஞ்சு வருஷம்! அதுக்குள்ள அவங்க பேண்டைக் கலைச்சுட்டுப் போயிட்டா?

(தனாகா துள்ளி எழுந்து உட்காருகிறார். துண்டு மடியில் விழுகிறது.)

தனாகா: கலைக்கிறதா! யாரைப் பாத்து என்ன பேசுறீங்க? 1974 ஆகஸ்ட்ல முதல் ரெக்கார்டு. 1983 வரைக்கும் சொல்லிக்கிற மாதிரி ஒரு ஹிட் கிடையாது. ஒன்பது வருஷம்! அடுத்தவங்க பாட, பின்னாடி நின்னு வாசிச்சு வயித்தைக் கழுவினாங்க. அப்பவே கலைக்கல!

மாஸ்டர்: ஒன்பது வருஷம் யாரும் வரலைன்னா நான் கடையை மீன்காரனுக்குக் குடுத்திருப்பேன்.

தனாகா: அதுக்கப்புறம் ஊர் ஊரா டூர். 2,800 கச்சேரிக்கு மேல ஆச்சு. கொரோனாவுல மேடை நின்னுச்சு, அது உலகத்தோட தப்பு.

மாஸ்டர்: ஆனா நடுவுல டிவியில அவ்வளவா காணோமே? டிசம்பர் 31 ராத்திரி டிவி பாட்டு நிகழ்ச்சி கோஹாகுவுல கூட...

தனாகா: 1983-ல கோஹாகுவுல பாடினாங்க. அடுத்து பாடினது 2024-ல. 41 வருஷம்! காணாம போனது டிவிக்காரங்க. இவங்க மேடையிலயேதான் இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரியும் எழுந்து நின்னு கத்தின கத்துல, தூங்கிட்டு இருந்த பேரன் அலறிட்டான்.

மாஸ்டர்: எல்லாம் சரி. 2030 டிசம்பர்ல தகமிசாவாவுக்கு 76 வயசு தனாகா சான்.

தனாகா: அவரைப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல. கவலையெல்லாம் உங்களைப் பத்திதான். உங்களுக்கு 83 ஆயிடும். கத்திரி பிடிப்பீங்களா?

(மாஸ்டர் பதில் சொல்லவில்லை. கத்திரியை எடுத்துத் தனாகாவின் காதோரம் வெறும் காற்றைச் சடசடவென வெட்டிக் காட்டுகிறார். காது தப்புகிறது.)

தனாகா: போதும், போதும், நம்புறேன்! அப்ப எழுதிக்குங்க. 2030 டிசம்பர் 23, காலையில பத்து மணி. சாயங்காலம் டோக்கியோ புதோகான் அரங்கத்துல அவங்க வருஷக் கடைசி கச்சேரி. இங்க எழுந்தா நேரா அதுக்குப் பக்கத்துல இருக்கிற குதான்ஷிதா ஸ்டேஷன்லதான் இறங்குவேன்.

மாஸ்டர்: டிக்கெட் வாங்கியாச்சா?

தனாகா: ரசிகர் மன்றக் குலுக்கல்ல விழணும். அதை அப்பப் பாத்துக்கலாம். முதல்ல முடி.

மாஸ்டர்: (போனில் காலண்டரை விரலால் தள்ளித் தள்ளிப் போகிறார். நெடுநேரம் போகிறார். நிற்கிறார்.) அன்னைக்கு முடியாதே.

தனாகா: ஐயையோ, ஏன் மாஸ்டர்? உடம்புக்கு ஏதாவது...

மாஸ்டர்: திங்கட்கிழமை. கடை லீவு.