நிரல் வேறு, நோயாளியின் கோப்பு வேறு

இராணுவ மருத்துவமனைகளுக்குக் கட்டற்ற மென்பொருள், அதாவது நிரலை (கணினிக்கு எழுதிய கட்டளைகளை) யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், வேண்டும் என்று எழுதினால் போதும், "ஜவான்களின் நோய்விவரத்தை ஊருக்கே திறந்துவிடச் சொல்கிறாயா?" என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். ஐயா, ஊர் பார்க்க வேண்டியது நிரலை. நோயாளியின் கோப்பை அல்ல. பூட்டின் வேலைப்பாட்டை நாலு ஆசாரி பார்த்துக் குறை சொன்னால் நல்லதுதானே? சாவி உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது.

பேரையூர்ப் பக்கத்துக்காரரான என் சித்தப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். வலது காது கேட்காது. இயலாமை ஓய்வூதியம் வேண்டுமானால், கேடு பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்பதற்கு மருத்துவ ஆவணம் பேச வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு கார்பன் பிரதி. மடிப்பு விழுந்த இடத்தில், காது எவ்வளவு கெட்டது என்று சொல்லும் டெசிபல் எண் தேய்ந்துவிட்டது. 40 என்றும் படிக்கலாம், 70 என்றும் படிக்கலாம். மதுரையில் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்குக்கு அவர் போகும்போதெல்லாம் அந்தப் பிரதி வைத்த ரெக்சின் பையும் கூடவே போகிறது. கோப்பு கணினியில் இருந்திருந்தால் அந்தப் பை எதற்கு?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவர்களும் நிரலாளர்களும் 1970-களின் இறுதியிலிருந்து தாங்களே எழுதி வளர்த்த மருத்துவக் கோப்பு மென்பொருள்தான் விஸ்டா. மேலிடம் முதலில் முட்டுக்கட்டை போட, ஒளிந்து மறைந்து எழுதினார்கள். அரசு ஊழியர் எழுதியது என்பதால் அது பொதுச்சொத்து. உலகில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோதும், அந்த ஊர்ப் படைவீரர்களின் கோப்புகளை வேறு ஊர் மருத்துவர்கள் திரையில் பார்க்க முடிந்தது.

பிறகு விஸ்டாவுக்குப் பதிலாக மூடிய நிரல் ஒன்றை வாங்க, 2018-இல் செர்னர் என்ற தனியார் நிறுவனத்தோடு சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம். 2020-இல் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் தொடங்கிய புதிய முறையில், மருத்துவர் எழுதிய பரிந்துரைகள் ஆயிரக்கணக்கில் யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் விழுந்தன. நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் துறையின் தலைமை ஆய்வாளரே அறிக்கை கொடுத்தார். 2023-இல் விரிவாக்கத்தை நிறுத்திவைத்தார்கள். விஸ்டா கிழடுதான், அதை எழுதிய மம்ப்ஸ் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். ஆனால் கிழட்டு நிரலைப் பிரித்துப் பழுது பார்க்கலாம். மூடிய நிரலில் கோளாறு வந்தால், விற்றவன் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நம்மிடம் ஆள் இல்லையா? சத்தீஸ்கரில் கனியாரி கிராமத்து மருத்துவமனையில் உருவான பாஹ்ம்னி, ஓபன்எம்ஆர்எஸ் என்ற கட்டற்ற மருத்துவப் பதிவு மென்பொருளின் மேல் கட்டிய கட்டற்ற மென்பொருள். இந்தியாவுக்கு வெளியேயும் ஓடுகிறது. அரசு மின்னாளுகைத் திட்டங்களில் கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மத்திய அரசு 2015-இலேயே கொள்கை வகுத்துவிட்டது. கொள்கை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

நிரல் மொத்தத்தையும் இன்றே மாற்றச் சொல்லவில்லை. டெண்டரில் இரண்டு வரி சேருங்கள்: வரிப்பணத்தில் எழுதிய நிரல் அரசுக்கே சொந்தம், நோயாளியின் கோப்பு முழுவதையும், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல், வேறு மென்பொருளில் திறக்க முடிய வேண்டும். இதற்குச் சம்மதிக்காத நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எதற்கு?