உள்ளூரில் வாங்குங்கள் என்று யாரிடம் சொல்கிறோம்?

'உள்ளூர்க் கடைகளில் வாங்குங்கள்' என்ற பிரசாரம் சிறு நகரங்களில் அவ்வப்போது கிளம்புகிறது. நல்லதுதான். ஆனால் அதை எப்போதும் மாதச் சம்பளக்காரரிடமே சொல்கிறோம். ஊரிலேயே அதிகம் கொள்முதல் செய்பவை மருத்துவமனை, கல்லூரி, நகராட்சி போன்றவை. படுக்கை விரிப்பு முதல் அச்சு வேலை வரை வாங்கிக்கொண்டே இருக்கும் அவற்றிடம் யாரும் துண்டறிக்கை நீட்டுவதில்லை.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் அதைச் செய்தது, வேறு வழியில்லாமல். அங்கே 70 கோடி பவுண்டில் வரவிருந்த வணிக வளாகத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. அதன் பிறகுதான் நகர மன்றம் ஊரிலிருந்த பெரிய பொது நிறுவனங்களின் கொள்முதல் கணக்கைத் திறந்து பார்த்தது. 2012-13இல் அவை செலவழித்ததில் வெறும் 5 சதவீதமே நகருக்குள் தங்கியது. 2016-17இல் அது 18 சதவீதமானது, 3.8 கோடி பவுண்ட் 11.1 கோடியாக உயர்ந்தது. இத்தனைக்கும் அவற்றின் மொத்தக் கொள்முதல் அந்த இடைவெளியில் 75 கோடியிலிருந்து 61.6 கோடியாகச் சுருங்கியிருந்தது.

எனக்குப் பிடித்தது அவர்கள் பிடித்த வழி. பள்ளி உணவுக்கான ஒரே பெரிய ஒப்பந்தத்தைப் பால், முட்டை, தயிர் எனத் தனித்தனியாக உடைத்தார்கள். உள்ளூர் விநியோகஸ்தர்கள் போட்டியிட்டே வென்றார்கள். டெண்டர்கள் மலைபோல் பெரிதாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதிகாரியின் வசதியே காரணம்: ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து, திட்டுவதற்கு ஒரே ஆள். ஆண்டு விற்றுமுதல் இவ்வளவு, முன்வைப்புத் தொகை இவ்வளவு என்ற நிபந்தனைகளைப் படித்ததுமே சிறிய அச்சகக்காரர் விலகிவிடுகிறார். அவருக்கு வேலை தெரியாது என்று பொருளில்லை.

எல்லா ஊர்களும் தமக்குள்ளேயே வாங்கிக்கொண்டால் யார் யாருக்கு விற்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியூரில் விற்காமல் எந்த ஊரும் வளர முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லிட்டில்டன் நகரம் 1987 முதல், வெளியிலிருந்து ஆலைகளை அழைப்பதைவிட ஏற்கெனவே இருக்கும் நிறுவனங்களுக்குச் சந்தைத் தகவல் திரட்டித் தருவதில் கவனம் செலுத்தியது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார், போட்டியாளர் யார் என்று அறியப் பெரிய நிறுவனங்கள் தனித் துறையே வைத்திருக்கின்றன. சிறியவர்களுக்கு அந்தத் துறையாக நகர நிர்வாகமே இருந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அவசரமானது பில் தொகை. லாபத்தில் ஓடும் சிறு தொழில்கூடப் பணம் வராததால் மூடப்படும். கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும், சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் காசு இருக்காது. நிலுவையை ஈடுகட்ட வாங்கும் கடனின் வட்டி அந்த லாபத்தையும் தின்றுவிடும். சட்டங்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் உண்டு. ஆனால் தன்னுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர் மீது யார் புகார் கொடுப்பார்? அடுத்த வேலை உத்தரவு வராதே!

அதனால் புகாருக்குக் காத்திருக்காமல், ஒவ்வொரு நகராட்சியும் சராசரியாக எத்தனை நாளில் பில்லுக்குப் பணம் கொடுத்தது என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தொழில் வளர்ச்சி மாநாட்டுக்குப் பந்தல் போட்டவரின் பாக்கியும் அந்தக் கணக்கில் வரட்டும்.