அது கல் இல்லைங்க

நேற்று வந்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தமான் போன நம்ம சேலத்து குரூப், பாரன் தீவு என்கிற எரிமலைத் தீவுப் பக்கம் படகை நிறுத்தி, குட்டிக் கடலுயிர்கள் கட்டின பவளத்துண்டைத் தூக்கிக் காட்டி, ‘எரிமலைக் கல்லு மக்களே!’ என்று கத்தினார்கள். ‘கல் இல்லைங்க, உயிர்’ என்று ஒரே வரிதான் கமெண்ட் போட்டேன். ‘ஏற்காட்டுல உக்காந்துக்கிட்டு உனக்கெதுக்குக் கடலு?’ என்று பதில். அதற்கு நாற்பத்தேழு சிரிப்பு பொம்மை. ஆமாம், எண்ணினேன்.

சரி, மலைக்காரன் மலைக்கணக்கிலேயே சொல்கிறேன். பாரன் தீவு கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிற மலை. நம் சேர்வராயன் உச்சியே 1,600 சொச்சம்தான். கடலுக்கு வெளியே தெரிவது பாரன் தீவின் தலை மட்டும். சரிவு சடாரென்று இறங்குவதால், வெயில் எட்டுகிற ஆழம் கரையை ஒட்டி ஒரு ஒடுங்கின பட்டைதான். பவளம் வளர்வதும் அங்கே, நங்கூரம் விழுவதும் அங்கே.

‘எரிமலையே வெடிச்சு அழிக்குது, ஒரு துண்டு எடுத்தா என்ன’ என்கிறார் ஓர் அறிவாளி. ஐயா, அது 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி 1991-இல்தான் மறுபடி வெடித்தது. அப்புறமும் அவ்வப்போது கக்குகிறது. ஆறி இறுகின குழம்பின் மேல் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எரிமலை இடைவெளி விடுகிறது, நங்கூரமோ படகுக்குப் படகு விழுகிறது.

‘செத்ததைத்தான் எடுத்தோம்’ என்கிறீர்கள். செத்ததன் மேலும்தான் அடுத்தது ஒட்டும். 2001 முதல் பவளப்பாறை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிப்பல்லைத் தூக்கிக் காட்டி வீடியோ போடுவீர்களா?

நான் யோக்கியனா? இல்லை. எங்கள் வீட்டு ஷோகேஸிலும் ஒன்று இருக்கிறது, 90களில் அப்பா ராமேஸ்வரத்தில் வாங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு உயிர் குடியிருந்த அறை. தீபாவளிக்குத் தீபாவளி சோப்புத்தூளில் ஊறப்போட்டுக் கழுவுவோம். அப்போது எனக்கும் அது கல்தான். எடுத்துச் சொன்ன பிறகும் கல் என்றால்தான் எரிகிறது.

‘உனக்கெதுக்கு’ என்கிற இதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிவந்து, காப்பித் தோட்டத்தில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவர்கள். போன வாரம் எங்கள் நாய்க்குட்டிக்குக் கால் கிழிந்து நாலு தையல். ‘கீழே இருக்கிறவனுக்கு மலை எதுக்கு’ என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வீட்டுத் துண்டையாவது ஷோகேஸிலிருந்து எடுத்துவிடலாம் என்று காலையில் போனேன். அம்மா விடவில்லை. ‘அப்பா வாங்கினது, தொடாதே!’