பிரேசில் – அர்ஜென்டினா இறுதிப் போட்டி: ஒரு திருத்தம்

கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவை வீழ்த்தி பிரேசில் கோப்பை வென்றதாக மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கூடலூர், பந்தலூர் பக்கம் பலரும் அதைப் பகிர்கிறார்கள். நானும் மஞ்சள் சட்டைக்காரன்தான், அதாவது பிரேசில் ரசிகன்தான், ஆனால் 2022 வரை அப்படி ஓர் இறுதிப் போட்டி நடக்கவே இல்லை.

உலகக் கோப்பையில் இரு அணிகளும் மோதியது நான்கே முறை. 1974-லும் 1982-லும் பிரேசில் வென்றது, 1978 கோலில்லாமல் டிரா. 1990-ல் இத்தாலியின் டூரினில், ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அர்ஜென்டினாவின் மாரடோனா தடுப்பாட்டக்காரர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடி பந்தைத் தள்ளிவிட, அவர் அணியின் கனிஜியா கோல்கீப்பரைச் சுற்றிப் போய் அடித்தார்; அர்ஜென்டினா வென்றது. எங்களுக்கு இன்னும் வலிக்கும் கோல் அது. அதுவும் கடைசி பதினாறு அணிகள் சுற்றுதான்.

2004, 2007 கோபா அமெரிக்கா இறுதிப் போட்டிகளில் பிரேசில் அர்ஜென்டினாவை வென்றது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்; அது தென் அமெரிக்கக் கோப்பை.

சரிபார்ப்பது சுலபம். உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபா அமைப்பின் இணையதளத்தில் பிரேசில் கோப்பை வென்ற ஐந்து ஆண்டுகளையும் திறந்து, எதிரணி யாரென்று மட்டும் பாருங்கள்: 1958 ஸ்வீடன், 1962 செக்கோஸ்லோவாக்கியா, 1970 இத்தாலி, 1994 மறுபடி இத்தாலி, 2002 ஜெர்மனி.

நேற்று டீக்கடையில் இதை வைத்து இரண்டு பையன்கள் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். தயவுசெய்து அந்த வரியை மாற்றிவிடுங்கள், நண்பரே.