கம்பி பொருத்தும் முன் பயாப்ஸி

புற்றுநோய் முதலில் எந்த உறுப்பில் தொடங்கியது என்று தெரியாமல், அது எலும்பில் பரவியிருப்பது மட்டும் தென்பட்டால், உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் பயாப்ஸிக்கு, அதாவது திசுவைச் சிறிது எடுத்துப் பரிசோதிப்பதற்கு, அதில் ஒரே வரிதான் இருக்கிறது; அது போதாது. இப்படிப் புற்று அரித்துத் தொடை எலும்பு முறிந்து வருகிறவருக்கு உடனே உள்ளே கம்பி பொருத்திவிடத் தோன்றும். அது வேறு உறுப்பிலிருந்து பரவி வந்ததாக இல்லாமல், எலும்பிலேயே தொடங்கிய சார்கோமா என்ற புற்றாக இருந்துவிட்டால், அந்த அறுவை சிகிச்சையே புற்றணுக்களை எலும்பு நெடுகப் பரப்பிவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே எடுக்க வேண்டிவரலாம். பயாப்ஸி முடிவு வரட்டும் என்று சொல்லும் மருத்துவரிடம் தயவுசெய்து கோபப்படாதீர்கள். நோய் தொடங்கியது நுரையீரலா, மார்பகமா, சிறுநீரகமா என்ற துப்பும் அந்தத் திசுவிலிருந்து கிடைக்கலாம். கூடவே ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுக்கான பிஎஸ்ஏ, எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவுக்கான புரதப் பரிசோதனை இரண்டும் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

நோய் தொடங்கிய இடம் கடைசிவரை பிடிபடாவிட்டாலும் வலிக்குச் சிகிச்சை உண்டு. பலருக்கு 8 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவில் ஒரே தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே வலி குறைகிறது. எலும்பைப் பலப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஏற்றுவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அந்த மருந்தால் சிலருக்குத் தாடை எலும்பு பாதிக்கப்படும்.

அப்புறம், முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால் நடை மிஞ்சும் வாய்ப்பு அதிகம்.