'எஸ்' போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

ஓ.எல் என்ற சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு 'எஸ்', அதாவது ஆகக் குறைந்த சித்தி, வந்தால் போதும் என்ற பேச்சை இலங்கை மலையகத்தில் இனியாவது நிறுத்தவேண்டும். பெற்றோர் சொல்கிறார்கள், அதிபர்மார் சொல்கிறார்கள், டியூசன் வகுப்பு நோட்டீஸ்கூட "ஆங்கிலத்தில் சித்தி நிச்சயம்" என்றுதான் சொல்கிறது. ஆங்கிலம் படிப்பிக்கும் நம்மில் பலரும் அதையே சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன கேட்கும்? "உன்னால் இவ்வளவுதான் முடியும்" என்றுதான் கேட்கும்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்துதான் வருகிறார்கள். நானும் லயத்தில் பிறந்தவள்தான்.

ஓ.எல்லில் 35 புள்ளிக்கு எஸ், 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள். முதலாவது ஒரு மணித்தியாலம், இரண்டாவது இரண்டு மணித்தியாலம். முதலாவதில் பொருத்துவது, இடைவெளி நிரப்புவது போன்ற சிறிய கேள்விகள்தான் அதிகம். கடிதமும் கட்டுரையும், நீளமான பந்தியை வாசித்து விளங்கி விடை எழுதுவதும் இரண்டாவதில் வரும். 'எஸ் போதும்' என்று முடிவெடுத்த வகுப்பில் என்ன நடக்கிறது? முதலாம் வினாத்தாளில் கிடைப்பதைப் பொறுக்கிக்கொள், இரண்டாவதில் மனப்பாடம் செய்த ஒரு கட்டுரையை இறக்கு, மிச்சத்தை விடு. பதினோராம் வகுப்பு முழுக்க இதுதான் பாடம். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடப் புத்தகமும் பயிற்சிப் புத்தகமும் பைக்குள்ளேயே கிடக்க, மேசையில் பழைய வினாத்தாள்களும் டியூசனில் எழுதிக்கொடுத்த கட்டுரைக் கொப்பியும் இருக்கும்.

அந்தக் கட்டுரைகளை நான் வாசிக்கிறேன். கடலையே பார்க்காத பிள்ளை தான் கடலில் குளித்த சுற்றுலாவைப் பற்றி எழுதியிருக்கும். பக்கத்து மேசைப் பிள்ளையும் அதே பஸ்ஸில் ஏறி, அதே கடலில் குளித்து, அதே சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்திருக்கும். எனக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வருவதில்லை. தன் வாயால் ஒரு வசனம் சொல்லச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

'எஸ் போதும்' என்ற பேச்சு நிலைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உயர்தர (ஏ.எல்) வகுப்புக்குப் போக ஓ.எல்லில் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும், மூன்று பாடங்களுக்குத் திறமைச் சித்தி, அதாவது சி அல்லது அதற்கு மேல், வேண்டும். ஆங்கிலத்தில் சித்தியில்லாமல் 'டபிள்யூ' எடுத்தாலும் உயர்தரம் படிக்கலாம். உயர்தரத்தில் வரும் பொது ஆங்கிலமும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக் கணக்கில் சேராது. ஆகவே உயர்தரம் முடியும்வரை ஆங்கிலம் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதில்லை, கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்த முதல் வாரமே விரிவுரை ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்து நல்ல பெறுபேற்றோடு போன பிள்ளை முதல் வருடத்தில் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இந்த அடி இன்னும் சீக்கிரமாகவே விழுகிறது, நேர்முகப் பரீட்சை அறையிலேயே.

என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலாம் தவணையின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுப்பேன். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அதே விடயம் தமிழில். இந்த வருடம் என்ன வாசிக்கப்போகிறோம், என்ன எழுதப்போகிறோம், எதற்கு எப்படிப் புள்ளி, வகுப்பில் நான் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன், நீங்கள் என்னிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி வரவேண்டும். கையெழுத்துக்காக மட்டும் நான் இதைச் செய்யவில்லை. ஆங்கில வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரிமை இருக்கிறது. "நமக்கு இங்கிலிஷ் தெரியாதுங்களே டீச்சர், நாங்க என்னத்தப் பாக்குறது" என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோரை உள்ளே கூப்பிட எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

அந்தத் தாளில் முதலில் இருப்பது வாரம் ஒரு எழுத்து. சொந்தமாக எழுதவேண்டும், முதல் பிரதியை வகுப்பிலேயே, கையால் எழுதவேண்டும். நான் திருத்தித் தந்ததும் அதையே மறுபடி எழுதித் தரவேண்டும். இரண்டாவது பிரதிக்குத்தான் புள்ளி. இந்த விதிக்கு ஆரம்பத்தில் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எழுதி முடித்ததை ஏன் திரும்ப எழுதவேண்டும் என்று கேட்பார்கள். நான் விடுவதில்லை. எழுதக் கற்றுக்கொள்வதே அந்த இரண்டாவது தடவையில்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பேச்சும் உண்டு. முறை வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும். யாரும் சிரிக்கக்கூடாது. இந்த விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பான ஆள். ஒரு பிள்ளை இலக்கணம் பிழைத்துப் பேசும்போது பின்னாலிருந்து வரும் ஒரு சிரிப்பு அந்தப் பிள்ளையை ஓ.எல் முடியும்வரை ஊமையாக்கிவிடும். வாசிப்பு தினமும் பத்து நிமிடம், வீட்டில், சத்தமாக. கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

போன வருடம் பத்தாம் வகுப்பில் ஒரு பையன். தவணைப் பரீட்சையில் இருபதுகளில் புள்ளி எடுப்பவன். "வீட்டில் ஒருவர் செய்யும் வேலையை, தெரியாத ஒருவருக்கு விளங்குகிற மாதிரி எழுது" என்று கொடுத்தேன். ஐந்து வசனம் எழுதியிருந்தான். ஐந்தும் 'ஷி' என்று ஆரம்பித்தன. 'கோஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'கோ', 'ப்ளக்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'ப்ளக்'. அம்மா மலைக்குப் போகிறாள், கொழுந்து எடுக்கிறாள், வீட்டுக்கு வருகிறாள், அவ்வளவுதான். நான் வினைச்சொற்களை மட்டும் திருத்தினேன், வேறு எதையும் தொடவில்லை. ஓரத்தில் கேள்விகள் எழுதினேன்: எத்தனை தடவை நிறுக்கிறார்கள்? யார் எழுதுகிறார்? கழிவு எவ்வளவு? கணக்குச் சரியா பிழையா என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அவன் அன்றைக்கு இரவு அம்மாவிடம் கேட்டிருக்கிறான். இரண்டாவது பிரதி ஒன்றரைப் பக்கம் வந்தது. காலையில், பகலில், பின்னேரத்தில் என்று மூன்று நிறுவை, தராசுக் கொக்கியில் சாக்கைத் தொங்கவிடும் விதம், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கும் கிலோ, மழை நாளில் அந்தக் கழிவு கூடுவது, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுவது, அரைப்பேர் விழுந்த நாளில் அம்மா யாரோடும் பேசாமல் சமைப்பது. பிழைகள் இருந்தன, நிறையவே இருந்தன. ஆனால் அந்தப் பையன் மூன்றாவது பிரதியும் எழுதித் தந்தான், நான் கேட்கவே இல்லை. சில வினைச்சொற்கள் அதிலும் பிழைத்தன. அதனாலென்ன? ஒழுங்குமுறையாக ஒரு செயலை விவரிக்கவேண்டும், காரணம் சொல்லவேண்டும், வாசிப்பவருக்கு விளங்கவேண்டும். இரண்டாம் வினாத்தாள் கேட்பதும் இதைத்தானே. "பரீட்சைக்கு வராததை ஏன் செய்விக்கிறீங்க" என்று என்னிடம் கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் இந்தக் கொப்பியைத்தான் காட்டுகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு எழுத விடயம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1914இல் வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில்தான் கவிதையாக எழுதினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். துரைமார் பேசிய மொழியிலேயே கொழுந்தெடுப்பவர்களைப் பற்றி எழுதிய ஒரு மனிதர் இந்த மலையிலிருந்து வந்திருக்கிறார். அவருடைய பெயரை என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை.

வேலைப்பளுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை ஒரே ஆங்கில ஆசிரியர் ஓடுகிற பாடசாலைகள் நம் பக்கம் இருக்கின்றன. ஆங்கில ஆசிரியரே இல்லாமல் வேறு பாட ஆசிரியர் சமாளிக்கும் பாடசாலைகளும் இருக்கின்றன. ஒரு பாடவேளையில் வரவு எடுத்து, வீட்டுவேலை பார்த்து, பாடத்தைத் தொடங்கும்போதே நேரம் போய்விடுகிறது. வாரம் நாற்பது கொப்பி திருத்தச் சொன்னால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். நான் எல்லாப் பிழையையும் திருத்துவதில்லை. இந்த வாரம் வினைச்சொல் என்றால் வினைச்சொல் மட்டும், அடுத்த வாரம் வசனத்தை எங்கே முடிப்பது என்பது மட்டும். கொப்பி முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் வாசிக்காமல் மூடிவைத்துவிடும். ஒரே வகைப் பிழையைப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு கொப்பிக்கு அதிக நேரமும் எடுக்காது.

போன் விடயம் புதிய தலைவலி. கொரோனா காலத்தில் பாடம் வட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து அநேகமான வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. தமிழில் எழுதி கூகுளில் போட்டால் ஆங்கிலம் வந்துவிடுகிறது, சாட்ஜிபிடியிடம் கேட்டால் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை வீட்டிலிருந்து பத்திரிகை ஆசிரியர் தலையங்கம் மாதிரி ஒன்றைக் கொண்டுவரும். நான் திட்டுவதில்லை. "இதை எனக்கு வாயால சொல்லு" என்று மட்டும் கேட்பேன். முதல் பிரதியை வகுப்பில் எழுதவேண்டும் என்று வைத்ததும் இதற்காகத்தான். பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது.

அதிபர்மாருக்கு ஒரு வேண்டுகோள். நூலகம் என்ற பெயரில் பூட்டிவைத்திருக்கும் அலுமாரியைத் திறந்துவிடுங்கள். புத்தகம் கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. பிள்ளை வாசித்துக் கிழிந்த புத்தகத்துக்காக யாரும் வருத்தப்படத் தேவையில்லை. வலயக் கல்வி அலுவலகம் வருடா வருடம் சித்தி வீதத்தைக் கேட்கும்போது, எத்தனை பேர் சி எடுத்தார்கள், பி எடுத்தார்கள் என்பதையும் அதே அழுத்தத்தோடு கேட்கவேண்டும். கணக்குக் கேட்பது எஸ்ஸை மட்டும் என்றால் பாடசாலைகளும் எஸ்ஸுக்குத்தான் ஓடும்.

பெற்றோரே, அக்காமாரே, அண்ணன்மாரே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை, டியூசனுக்கு அனுப்பச் சொல்லவும் இல்லை. "நம்ம புள்ளைக்கு இங்கிலிஷ் வராதுங்க" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் டீவியை நிறுத்திவிட்டு "வாசி, கேப்போம்" என்று சொல்லுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. பிறகு "இதுல என்னதான் சொல்லியிருக்கு?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லட்டும். வாசித்தது விளங்கினால்தான் சொல்லமுடியும், விளங்கவில்லையென்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது புள்ளியை மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல் ஆங்கிலக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பிள்ளை சொந்தமாக எழுதியது ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது உதவியும்கூட.

என் வகுப்புத் தாளை, ஆங்கிலம் ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கமாகத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன். ஆங்கிலம் படிப்பிக்கும் நண்பர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். உங்கள் பாடசாலைக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளலாம், என் பெயர் எங்கும் வரத் தேவையில்லை. நீங்கள் கூட்டியதையும் குறைத்ததையும் எனக்கும் அனுப்பினால், அடுத்த வருடத் தாளில் சேர்த்துக்கொள்கிறேன்.