‘யார் சொன்னது?’

மலேசியாவின் பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. காலை ஏழரை மணி. இரவு வேலை முடிந்தவர்களில் பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். சாலையோர நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையில் அக்கா மிச்சப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். மின்னணுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்மையில் சூப்பர்வைசர் ஆன தம்பி வருகிறார். சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். (டெக்னீஷியனாக இருந்தபோது ஒன்றுதான்.)

தம்பி: அக்கா, ஒரு பொட்டலம். சம்பல் தூக்கலாக.

அக்கா: முகம் ஏன் வாடிக் கிடக்கிறது? மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லையா?

தம்பி: அது எங்கள் கூட்டத்தில் பேசியது! உங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா: உன் ஆட்கள் எல்லாரும் இங்கேதான் பசியாறுகிறார்கள். முக்கால் மணி நேரம் பேசினீர்களாமே.

தம்பி: நீலமா பச்சையா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. எல்லாரையும் பேசவிடுவதுதான் நல்ல தலைமை.

அக்கா: புதிய இயந்திரம் வாங்குவதைப் பற்றி?

தம்பி: அதையும் பேசினோம். மூன்று நிமிடம். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அக்கா: யாருக்கும் புரியவில்லை என்று சொல்.

தம்பி: பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் சொன்னார்கள். பார்க்கின்சன் என்று ஒருவர். 1950களில், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் தலையாட்டிவிட்டு, 350 பவுண்டு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும் குழுவைப் பற்றி எழுதினாராம்.

அக்கா: அதைக் கேட்டு நீ என்ன செய்தாய்?

தம்பி: விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா: சிரித்துவிட்டு வந்து கொட்டகைக்குக் கூட்டம் போட்டாய்.

தம்பி: அது சைக்கிள் கொட்டகை, அக்கா. இது மோட்டார் சைக்கிள் கொட்டகை.

(அக்கா பதில் சொல்லாமல் சம்பலைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறார்.)

தம்பி: குறை இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லலாமே. என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது.

அக்கா: கதவு திறந்திருக்கிறது, ஆள்தான் இல்லை. நீ இயந்திரத்துக்கு அடியில் படுத்திருக்கிறாய். வந்தவர்கள் உன் இரண்டு காலிடம் குறை சொல்லவா முடியும்?

தம்பி: பழுதானால் பார்க்க வேண்டாமா?

அக்கா: அதற்கு ஒரு டெக்னீஷியன் பையன் இருக்கிறானே.

தம்பி: அவனுக்கு அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பத்து நிமிடம்.

அக்கா: அவனுக்கு எப்போது பத்து நிமிடம் ஆகும்?

தம்பி: கை பழகினால்.

அக்கா: டார்ச் பிடிப்பதற்குத்தான் பழகியிருக்கிறான். அந்த வேலையில் இப்போது அவனை மிஞ்ச ஆளில்லை. இந்தத் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது, தம்பி. அன்றிலிருந்து இதே கதைதான். நல்ல டெக்னீஷியனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவன் நாற்காலியை விட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடுவான்.

தம்பி: வாட்ஸ்அப் குழுவில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு அனுப்பியதற்குக்கூட எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள்.

அக்கா: போடாவிட்டால் நீ மறுபடியும் அனுப்புவாய். சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆனது. குறைந்த மூன்று மணி நேரத்தை நீ வாட்ஸ்அப்பில் வசூல் செய்துகொள்கிறாய்.

தம்பி: நல்லதையும் சொல்லுங்கள், அக்கா. ஒவ்வொரு உற்பத்தி வரிசையிலும் சிவப்பு விளக்கும் பொத்தானும் வைத்தேனே! டொயோட்டா தொழிற்சாலையில் கயிறு கட்டியிருந்தார்கள். தவறு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளியே இழுத்து வரிசையை நிறுத்தலாம். அதே முறை. இரண்டு வாரமாக விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அக்கா: முதல் வாரம் எரிந்ததே.

தம்பி: ஒரு தடவை. ஓர் அம்மா அழுத்தினார். நான் உடனே ஓடினேன்.

அக்கா: ஓடிப்போய்?

தம்பி: ஏன் அழுத்தினீர்கள், எத்தனை மணிக்கு அழுத்தினீர்கள், யாரைக் கேட்டு அழுத்தினீர்கள் என்று விசாரித்தேன். பிறகு படிவம் நிரப்பச் சொன்னேன். நான்கு பக்கம்தான்.

அக்கா: எல்லார் முன்னிலையிலுமா?

தம்பி: ஒளிவு மறைவு கூடாதல்லவா?

அக்கா: டொயோட்டாவில் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் எதற்கு வருவார்?

தம்பி: உதவிக்கு.

அக்கா: நீ வாக்குமூலம் வாங்கப் போயிருக்கிறாய். அன்றிரவே பொத்தானுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டார்கள், தெரியாமல்கூடக் கை பட்டுவிடக் கூடாது என்று.

தம்பி: அந்த மூடியா? தூசி படாமல் பாதுகாக்கிறார்கள் என்று நினைத்து, குழுவில் பாராட்டி எழுதினேனே!

அக்கா: அதையும் இங்கே படித்துக் காட்டினார்கள். இரண்டு பேருக்குப் புரையேறியது.

(தம்பி வெகுநேரம் நெத்திலியைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பதவி உயர்ந்தவர்கள் யோசிப்பதை இப்படி அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.)

தம்பி: எனக்குத் தெரியாத வேறு ஏதாவது இருக்கிறதா, அக்கா?

அக்கா: மூன்றாவது வரிசையில், மின்சுற்றுப் பலகையைப் பற்றவைக்கும் அடுப்பில் காற்றாடி ஆட்டம் காண்கிறது. அட்டைப் பெட்டியைக் கிழித்து, மடித்து, அடியில் செருகித்தான் ஓட்டுகிறார்கள்.

தம்பி: யார் சொன்னது?

(அக்கா கரண்டியைக் கீழே வைக்கிறார்.)

தம்பி: என்ன, அக்கா?

அக்கா: அடுப்புக்கு என்ன ஆயிற்று, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கத் தோன்றவில்லை. உனக்கு முதலில் ஆள் வேண்டும்.

தம்பி: வாய் தவறி வந்துவிட்டது. சரி... யாருக்காவது அடிபட்டதா?

அக்கா: இல்லை.

தம்பி: எவ்வளவு நாளாக ஆடுகிறது?

அக்கா: மூன்று இரவாக.

தம்பி: ஈயம் கலக்காத பற்றாசு உருகுவதற்கே 217 டிகிரி வேண்டும். சூடான காற்று சீராக ஓடாவிட்டால் பலகையில் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் பிடிக்காது. அந்த அடுப்புக்கு அடியிலா அட்டை?

அக்கா: அட்டை நேற்று கருகிவிட்டதாம். வாழையிலை கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாப்பிடத்தான் கேட்கிறார்கள் என்று கொடுத்துவிட்டேன்.

(தம்பி எழுந்து கைப்பேசியை எடுக்கிறார்.)

அக்கா: குழுவில் எழுதாதே. அந்த டெக்னீஷியன் பையன் பஸ் நிறுத்தத்தில்தான் நிற்கிறான். வர முடியுமா என்று கேள். கூடுதல் நேரச் சம்பளம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல். வந்தால், இன்றைக்கு டார்ச்சை நீ பிடி.

தம்பி: நான் பிடித்தால் கை நடுங்கும், அக்கா. அவன் திருகாணியைத் தப்பாகத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அக்கா: கண்ணை மூடிக்கொண்டு பிடி.

தம்பி: நாளையிலிருந்து தினமும் ஏழு மணிக்கே இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். நடப்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அக்கா: அந்த வேலையே வேண்டாம்! நீ உட்கார்ந்தால் அவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். உனக்குச் செய்தி போகும், எனக்கு வியாபாரம் போகும்.

தம்பி: எட்டரைக்கு?

அக்கா: எட்டரைக்கு வா. இப்போது மூன்று வெள்ளியை வைத்துவிட்டு ஓடு, பஸ் வருகிறது.